ஆடப்படாத இறுதியாட்டம்



1950ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் இறுதியாட்டத்தையே குறிப்பிடுவர். உண்மையில் அப்போட்டிக்கு இறுதியாட்டமே கிடையாது. பிரேசில், உருகுவே, சுவீடன், ஸ்பெயின் ஆகிய நான்கு அணிகளும் ஒன்றோடொன்று ஆடி, மிகுந்த புள்ளிகள் பெறும் அணி கோப்பையைக் கொள்ளும் என்பதே அவ்வாண்டின் விதி. அட்டவணையின் கடைசி நாளில் பிரேசிலும் உருகுவேயும் எதிர்ப்பட்டன. அதனை இறுதியாட்டமாக்கியது மக்களின் கற்பனை. பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் இவ்வட்டத்தில் இது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பிரேசில் சுவீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது. உருகுவேயுடன் சமநிலை கண்டாலே கோப்பை உறுதி. எனவே ரியோ நகரத்து மக்கள் அந்த ஆட்டத்தை முன்னரே தம் மனத்தில் ஆடி முடித்துவிட்டனர். ஆட்டம் தொடங்கும் முன்பே உலக வாகையர் என்று தம் அணியைப் போற்றிப் படம் வெளியிட்டது ஒரு நாளிதழ். உலகக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் ஜூல் ரிமேயும் போர்த்துக்கீசிய மொழியில் பாராட்டுரை ஆயத்தம் செய்திருந்தார்.

ஜூலை 16. மரக்கானா அரங்கில் சீட்டுப் பெற்று நுழைந்தோர் மட்டும் 1,73,850 பேர். இடைவேளைக்குப் பின் பிரேசிலின் ஃபிரியாசா முதல் கோலை அடித்தார். 66ஆம் நிமிடத்தில் ஷியாஃபினோ அதனைச் சமன் செய்தார். ரிமே பரிசளிப்புக்காகப் படியிறங்கியபோது நிலை 1-1. அவர் கீழே மைதானத்துக்குள் வந்தபோதோ அரங்கம் ஊமையாகியிருந்தது. 79ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வெற்றி கோலை அடித்திருந்தார். அணிவகுப்பும் இல்லை, உரையும் இல்லை. உருகுவே அணித் தலைவர் ஒப்துலியோ வரேலாவைக் கூட்டத்தில் தேடிக் கண்டு, கைகுலுக்கிக் கோப்பையை அளித்தார் ரிமே.

கற்பனை உடைந்தபோது பழியைச் சுமக்க ஒருவர் தேவைப்பட்டார். உருகுவேயின் முதல் கோல் போலவே பந்து நடுவே அனுப்பப்படும் என்று கருதிய கோல் காவலர் பார்போசா ஓரடி முன்வந்தார். பந்தோ அவருக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே புகுந்தது. அந்த ஓரடிக்காக அவர் வாழ்நாள் முழுதும் வசைபெற்றார். அந்நாளில் பிரேசில் நாட்டின் உச்சத் தண்டனை முப்பது ஆண்டாக இருந்தது. தமக்கோ ஐம்பது ஆண்டு என்று முதுமையில் அவர் வருந்தினார். 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

அணியின் வெள்ளைச் சட்டையும் பழிக்கப்பட்டது. 1953இல் நாட்டுக் கொடியின் நான்கு நிறங்களும் அமையப் புதிய உடை வரையும் போட்டி ஒன்று நடந்தது. அதில் வென்று மஞ்சள் சட்டையை அளித்த இளைஞர் அல்டிர் கார்சியா ஷ்லீ. உருகுவே எல்லையிலுள்ள ஜகுவாரன் என்னும் ஊரில் பிறந்த அவர், பின்னாளில் சிறுகதையாசிரியராகவும் நாவலாசிரியராகவும் விளங்கினார். ஆற்றின் இருகரையையும் அறிந்து வளர்ந்த ஒருவரின் கைவண்ணத்தையே பிரேசில் தன் பெருமையாக அணிந்துகொண்டது.

விருப்பம் தன் வெற்றியை மட்டுமே காணும். கற்பனையோ எதிரே நிற்பவனுக்கும் கால்கள் உண்டு, அவனுக்கும் ஒரு தாயகம் உண்டு என்று காணும். ரியோ நகரம் அன்று கொண்டிருந்தது விருப்பம். அதனைக் கற்பனை என்று மயங்கியது. கவிஞனுக்கும் இம்மயக்கம் நேர்வதுண்டு. தன் ஊரை, தன் மொழியை, தன் தரப்பைப் பாடும்போது வெற்றியை முன்னரே எழுதிவிடுகிறான். தோல்வி வரும்போது அவன் சொற்கள் அதனைத் தாங்குவதில்லை; யார்மீதேனும் அதனை ஏற்றிவிடுகின்றன.

நிறம் மாற்றிய சட்டைக்கு நாடு மன்னிப்பு வழங்கியது. அதே நாடு பார்போசாவுக்கு அவர் உயிரோடிருந்தவரை அதனை வழங்கவில்லை. ஒரு சமூகத்தின் கவிதை செய்ய வேண்டிய பணி எங்கே இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.