கீமோவா, வேண்டாமா? கேட்டு முடிவெடுங்கள்!
(லப்பைக்குடிக்காடு மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



மார்பகப் புற்று ஆரம்பக் கட்டம்தான், ஆபரேஷனும் முடிந்தது. பிறகு எதற்குக் கீமோ? கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்கள் பின்னாளில் தலைதூக்காமல் இருக்கத்தான்.

ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. 2018-இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். அக்குளுக்குப் பரவாத, ஹார்மோனால் வளரும், ஹெர்2 இல்லாத கட்டி. மரபணுச் சோதனையில் நடுத்தர அபாயம். இத்தகையோரில் 50 வயது கடந்தவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையே போதுமென்று தெரிந்தது. அந்தச் சோதனைக்குச் செலவு மிக அதிகம். ஈஆர், பிஆர், ஹெர்2 ரிப்போர்ட்டையாவது கேட்டு வாங்குங்கள். மூன்றும் 'நெகட்டிவ்' என்றால் பெரும்பாலும் கீமோ அவசியம். கொட்டிய முடி மீண்டும் முளைக்கும், சகோதரிகளே!

துஆவும் செய்யுங்கள், மருந்தும் எடுங்கள். சவூதியிலிருந்து கணவர் போனில் சம்மதம் சொல்லட்டுமென்று வாரக்கணக்கில் காத்திராதீர்கள். பெரம்பலூர், அரியலூரிலிருந்து திருச்சிக்கோ அடையாறுக்கோ போகும்போது டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: கீமோ எடுத்தால் எனக்கு எவ்வளவு பயன்? எடுக்காவிட்டால் எவ்வளவு அபாயம்?