புல்லுக்கும் பசளை வேண்டும்

நெல்லுக்குப் பசளையிடும் உழவரிற் பலர், ‘புல்லுக்குமா?’ என வினவுவர். நேப்பியர்ப் புல்லை அறுக்குந்தோறும் மண்ணின் நைதரசனும் புற்கட்டோடு வெளியேறுகின்றது. ஈடுசெய்யாவிடின் விளைச்சல் குன்றும். புல்லிற் புரதம் குறையும். பசுவின் பாலும் குறையும்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அதனை ஒருங்கே கொட்டாது, ஒவ்வோர் அறுப்பின் பின்னும் சிறிது சிறிதாக இட்டு, உடனே நீர் பாய்ச்சுதல் வேண்டும். மேற்பரப்பிற் கிடப்பின் அமோனியாவாகிக் காற்றிற் கலந்துவிடும். அளவு மிஞ்சினாலோ புல்லில் நைத்திரேற்று திரண்டு மாட்டின் உயிருக்கே ஊறு செய்யும்.

2021 ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமை, யூரியாவை மட்டும் நம்பியிருத்தல் தகாதென உணர்த்திற்று. ஆதலின் கொட்டிலின் சாணமும் சிறுநீரும் புல் விளைந்த நிலத்துக்கே மீளட்டும். மண்ணிடம் பெற்றதை மண்ணுக்கே திருப்புவோமாக.