எலிக்கு எமன், ஆட்டுக்குக் காவல்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒட்டுண்ணியைப் பற்றிப் பேசச் சொன்ன செயலாளரின் துணிச்சலைப் பாராட்டுகிறேன். சாப்பாடு இறங்காவிட்டால் பழி அவரைத்தான் சேரும்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செம்மறிப் பட்டிக்குப் போயிருந்தேன். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டி வீசிக்கொண்டிருந்தன. பட்டிக்கார அம்மா கேட்டார்: "டாக்டரய்யா, தீவனக் கொட்டாயில பூனை குட்டி போட்டிருக்கு. அதனால இருக்குமா?" "பூனைக்கும் ஆட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்துவிட்டு, விழுந்த கருக்களைப் புதைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வகுப்பில் படித்தது பரீட்சையோடு போயிருந்தது. அந்த அம்மா கேட்டதோ சரியான கேள்வி. அதற்கான பதிலை நான் குழியில் போட்டு மூடிவிட்டேன்.

டாக்சோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணியைத்தான் சொல்கிறேன். பூனை இனத்தின் குடலில் மட்டுமே இது முழு வளர்ச்சி அடைந்து, சாணத்தில் ஊசிஸ்ட்டாக வெளியே வருகிறது. ஆடு, கோழி, பன்றி, எலி, மனிதன் என்று வெப்ப ரத்தப் பிராணி எதுவானாலும் தொற்றும். இத்தனை பிராணிகளையும் தாக்குவது ஒரே ஓர் இனம். ஆனால் அந்த ஓர் இனத்துக்குள் பல குடும்பங்கள் உண்டு.

1995-இல் ஹோவ், சிப்லி என்ற இருவர் 106 மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தார்கள். பெரும்பாலானவை I, II, III என்ற மூன்று வகைகளில் அடங்கின. ஆய்வுக்கூடத்து வெள்ளெலிக்கு I-ஆம் வகை எமன். ஒரே ஓர் ஒட்டுண்ணி உள்ளே போனாலும் எலி செத்துவிடும். மற்ற இரண்டு வகைகளில் நூற்றுக்கணக்கில் செலுத்தினாலும் பல எலிகள் பிழைத்துக்கொள்ளும். இதைவைத்து, 'I வீரியமுள்ளது, II சாது' என்று நாமும் எழுதிக்கொண்டோம்.

இந்தக் கணக்கு எலிக்குப் போட்ட கணக்கு. ஐரோப்பாவில் செம்மறி ஆடுகளின் கருவை அழிப்பது பெரும்பாலும் அந்தச் 'சாது'வான II-ஆம் வகைதான்! இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். நியூசிலாந்தில் கருச்சிதைந்த ஆட்டுக்குட்டியிலிருந்து எடுத்த எஸ்48 என்ற வகையை எலிகளில் ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அது திசுவில் கூடு கட்டும் திறனை இழந்துவிட்டது. எலியை இன்னமும் கொல்லும்; ஆனால் ஆட்டுக்கு அதுவே தடுப்பூசி!

எலிகளிலும் எல்லாம் ஒன்றில்லை. எலியின் செல்லுக்குள் ஐ.ஆர்.ஜி. என்ற காவல் புரதங்கள் உண்டு. I-ஆம் வகை ஒட்டுண்ணி ராப்5, ராப்18 என்ற தன் புரதங்களால் அந்தக் காவலைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் பிடித்த எலிகளின் வழிவந்த ஓர் எலி வகை இதையும் தாக்குப்பிடித்தது. நம்ம ஊர் எலியின் காவல் புரதம் அவ்வளவு கெட்டி! ஆக, வீரியம் ஒட்டுண்ணியிடம் மட்டும் இல்லை; அது யாருக்குள் போகிறது என்பதிலும் இருக்கிறது.

தென் அமெரிக்காவில் இந்த மூன்று வகைகளில் அடங்காத ரகங்கள் ஏராளம். 2003 கடைசியிலும் 2004 தொடக்கத்திலும் சூரினாம் நாட்டில் மரோனி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு ரகம் பரவியது. நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களே படுத்த படுக்கையானார்கள். ஒரு பெரியவர், ஒரு பச்சைக்குழந்தை, ஒரு சிசு என மூன்று உயிர்கள் போயின. 'மனிதருக்கு லேசான காய்ச்சல்தான்' என்று எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் நாட்டில் இதுவரை மரபு வகை பார்க்கப்பட்ட மாதிரிகள் மிகக் குறைவு. நம் பட்டிகளில் எந்த ரகம் சுற்றுகிறது என்பதை அயல்நாட்டுப் புத்தகம் நமக்குச் சொல்லாது. தம்பி தங்கையரே, அது உங்கள் வேலை. ஆடு குட்டி வீசினால் உடனே புதைக்கச் சொல்லாதீர்கள். கையுறை போட்டு நஞ்சுக்கொடியையும் கருவின் மூளையையும் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். புருசெல்லா முதலான மற்ற காரணங்களையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிப் பெண்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பூனையை விரட்டச் சொல்லியும் பயமுறுத்த வேண்டாம். முதல் தடவை தொற்றும்போது ஓரிரு வாரம்தான் பெரும்பாலும் அது ஊசிஸ்ட்டை வெளியேற்றும். வெளியே வந்த ஊசிஸ்ட் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். பூனைக் கழிவைத் தினமும் அகற்றுவது, தீவனத்தை மூடிவைப்பது, கறியை நன்றாக வேகவைப்பது, கை கழுவுவது: இவ்வளவு சொன்னால் போதும்.

அந்த அம்மாவுக்கு நான் இன்னும் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அடுத்த பட்டியில் அதை நீங்கள் தீர்த்துவையுங்கள்.