தந்தையர் இயலில் ஒரு தாய்



சமூகவியலின் தந்தை ஓகஸ்ட் கொம்ட் என்று நாம் மனனம் செய்தோம். தாய் ஒருவர் இருந்தாரா என்று கேட்கவில்லை. கொம்டின் பெருநூலைச் சுருக்கி 1853இல் ஆங்கிலத்தில் தந்தவர் ஹரியட் மார்ட்டினோ. காது கேளாதவர். 1833இலேயே இலங்கையின் கறுவா, முத்துக்குளிப்பு ஏகபோகங்களைச் சாடிக் கதை எழுதியவர், இங்கே கால் வைக்காமலே! ஒரு சமூகத்தை அறிய, ஆட்களின் பேச்சுக்கு முன் அவர்களின் பொருட்களையும் ஏற்பாடுகளையும் பாருங்கள் என்றார்.

நாமும் பார்ப்போம். உட்துறைமுக வீதியிலிருந்து மூதூர், கிண்ணியா வரை, தமிழரோ முஸ்லிம்களோ, வீட்டைப் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாக எழுதுவார்கள், மாப்பிள்ளைதான் குடிவருவார். தனியொருவர் தீர்மானிக்காத, ஆனால் எல்லோரையும் கட்டும் இத்தகைய வழக்கத்தை டுர்கைம் 1895இல் 'சமூக உண்மை' என்றார். கோவையும் படிவமும் ஆளும் அலுவலக முறையை விளக்கியவர் மக்ஸ் வெபர். இரண்டும் 2004 சுனாமிக்குப் பிறகு இக்கரையில் மோதின. தாய்வழி வந்த வளவுகளுக்கு ஈடாகக் கிடைத்த வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு சொல்லால் ஆண்களின் பெயருக்குப் போயின.

சகோதரிகளே, இன்றிரவு உங்கள் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது?