அனுப்புநர் முகவரி



எம்.சி. ராஜா அவர்களின் நினைவாகப் பேச, 31 வருடம் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் எடுத்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். ராஜாவும் பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கியவர்தான். 1883இல் பரங்கிமலையில் பிறந்தார். அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஒரே சாலை. நான் வேலை பார்த்ததெல்லாம் அந்தச் சாலை முடிகிற பூந்தமல்லியிலும், அதற்கு வடக்கே ஆவடி, அம்பத்தூரிலும்தான்.

1920இல் ராஜா சென்னை சட்டசபைக்குப் போனார். 1922இல் அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம் இன்றும் நம் சான்றிதழில் இருக்கிறது. பறையர், பஞ்சமர் என்று அரசுப் பதிவேடுகளில் எழுதக் கூடாது, ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம். 1925இல் 'தி அப்ரஸ்டு ஹிண்டூஸ்' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதினார். சர்க்கார் நம்மை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று சர்க்காருக்கே அதன் மொழியில் எழுதிச் சொன்ன வாத்தியார் அவர். என் வேலையை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்த்தேன். அதனால் இலக்கணத்தையும் செய்யுளையும் விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வருகிற கடிதத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

லீவு லெட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள். பெக் என்றால் பிச்சை கேட்பது என்று சொன்னதும் வகுப்பு சிரிக்கும். முடிவில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. தமிழிலும் 'கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதவைக்கிறோம். காய்ச்சல் வந்த பிள்ளை ஏன் கீழ்ப்படிய வேண்டும்? என் வகுப்பில் 'ஃபெய்த்ஃபுல்லி' போதும் என்று வைத்தேன். தலைமையாசிரியர் ஒருவர் இதைப் பார்த்து, பையன்களுக்குத் திமிர் ஏற்றுகிறீர்கள் என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு.

அப்புறம் முகவரி. பொதுத்தேர்வில் சொந்த முகவரி எழுதக் கூடாது. விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அனுப்புநர் இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றும், கீழே ஒய் ஒய் ஒய் என்றும் போடுவார்கள். தேர்வுக்கு அது சரி. வகுப்பில் மட்டும் நிஜ முகவரி, நிஜ பிரச்சினை என்று வைத்தேன். தெருவிளக்கு, சாக்கடை, பஸ் நிற்காமல் போவது, எதுவானாலும் சரி. எழுதினால் தபாலில் சேர்ப்போம்.

பட்டாபிராம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், தண்ணீர் லாரி வராததைப் பற்றி நன்றாக எழுதியிருந்தாள். முகவரியில் கதவு எண் இருந்தது, ஊர் இருந்தது, நடுவில் ஒரு வரி இல்லை. கேட்டேன்.

"காலனின்னு போட்டா தெரிஞ்சிடும் சார்."

"போடலைன்னா லாரி எங்கம்மா வரும்?"

யோசித்துவிட்டு எழுதினாள். உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. லாரி மட்டும் ஒரு வாரம் ஒழுங்காக வந்தது. கடிதத்தாலா என்று எனக்குத் தெரியாது. அவள் கடிதத்தால்தான் என்று வகுப்பு முழுக்க நம்பியது, நானும் மறுக்கவில்லை.

நேரு நகர், காந்தி நகர் என்று எழுதுகிற பிள்ளைக்கு இந்தத் தயக்கம் கிடையாது. மதில் கட்டி, வாட்ச்மேன் வைத்த இடத்தைக்கூட இதே ஊரில் காலனி என்கிறார்கள். அங்கே அந்தச் சொல் யாரையும் சுடுவதில்லை.

பெற்றோர் பக்கம் வேறு கதை. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் பலர் அங்கே காண்ட்ராக்ட் வேலை. கையெழுத்துப் போட்ட காகிதம் இங்கிலீஷில் இருக்கும். சாயங்காலம் மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். எந்த நோட்டீசும் இல்லாமல் நிறுத்தலாம் என்று ஒரு காகிதத்தில் இருந்தது. நோட்டீஸ் என்றால் சுவரில் ஒட்டுவது என்று அவர் நினைத்திருந்தார். மகனைக் கூப்பிட்டு அப்பாவுக்கு வரிவரியாகச் சொல்லவைத்தேன். அந்த மாதத்தில் நான் எடுத்த நல்ல பாடம் அதுதான்.

2010இல் உத்தரப்பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில், சந்திரபான் பிரசாத் முன்னின்று ஆங்கிலத்துக்கு ஒரு தேவி சிலை வைத்துக் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். அந்தக் கோபமும் ஆசையும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தேவி என்று வந்தால் பின்னாலேயே பூசாரி வருவார். இங்கேயும் வந்துவிட்டார். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின, பெற்றோர் சந்தோஷமாகச் சேர்த்தார்கள். அறிவியலை இங்கிலீஷில் ஒப்பிக்கிற பிள்ளை அதில் ஒரு சந்தேகத்தை இங்கிலீஷிலும் கேட்பதில்லை, தமிழிலும் கேட்பதில்லை. டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக அறிவித்தார். வரவேற்கிறேன். ராஜாவின் தீர்மானத்துக்கு 103 வருடம் கழித்து, அதே வேலையின் இன்னொரு பகுதி. பெயர்ப்பலகை மாறும், தபால்காரருக்கும் லாரி டிரைவருக்கும் அந்தத் தெரு எது என்று தெரிந்துகொண்டுதான் இருக்கும். புதுப் பெயர் என்ன என்று அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். அதற்கும் யாராவது மனு எழுத வேண்டும்.

அமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ராஜா சட்டசபையில் பேசியவை அவைப் பதிவுகளில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. அதிலிருந்து பத்துப் பதினைந்து வரியை எடுத்து, அருஞ்சொற்பொருளும் பயிற்சியும் சேர்த்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற அளவுக்கு ஒரு சிறு புத்தகமாக நான் தயாரித்துத் தருகிறேன். அச்சுச் செலவை நீங்கள் பாருங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வந்தால் நல்லது.