ஒன்பதாம் வகுப்பின் வாசல்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் பெரும்பாலான பிள்ளைகள் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் பயின்று, ஏறத்தாழ 14 வயதில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைவதால், ஏழைக் குடும்பத்துப் பதின்பருவத்தினருக்கு அம்மாற்றம் ஊர்விட்டு ஊர் வந்ததைப் போல் ஆகிவிடுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்றான பின், ஒருவர் வகுப்புக்கு வராததை உடனே கவனிப்பார் குறைவு. சில பகுதிகளில் பள்ளிக்குச் செல்லும் வழியே வன்முறைக் கும்பல்களின் எல்லைகளைக் கடப்பதால், 2009இல் ‘பாதுகாப்பான பாதை’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, அக்கம்பக்கத்துப் பெரியவர்களே ஊதியம் பெற்றுத் தெருமுனைகளில் காவல் நிற்கின்றனர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ‘தடத்தில் இருத்தல்’ என்னும் அளவுகோலை, அதாவது முதலாண்டு முடிவில் போதிய பாடங்களில் தேறி, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் பெறாதிருத்தலை ஆராய்ந்து, அவ்வாறு இருந்தோர் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு, தடம் தவறியோரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டது. முந்தைய தேர்வு மதிப்பெண்களைவிட ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவே தேர்ச்சியைத் தெளிவாக முன்னுணர்த்துகிறது என்று அக்குழுவின் 2007 ஆய்வு காட்டியது. பின்தங்குவோரை மந்தபுத்தி என்று முத்திரை குத்துவோருக்கு இது சங்கடமான முடிவுதான்.

அதன்பின் பள்ளிகள், வருகை குறைந்தவர்களின் பட்டியலை ஆண்டிறுதிவரை காத்திராமல் அவ்வப்போதே எடுத்து, ஆசிரியர்கள் கூடிப் பேசி, அம்மாணவரையும் வீட்டாரையும் அழைத்துக் காரணம் கேட்கத் தொடங்கின. 2007இல் 57 விழுக்காடாக இருந்த தடத்தில் இருப்போர் அளவு, 2013இல் 82 விழுக்காடாயிற்று.