மாணிக்கமும் நீலமும்

 

ஏழரைச் சனி என்று ஜோசியன் சொல்லிவிட்டால், மனைவியின் கழுத்தில் கிடப்பதை அடகு வைத்தாவது நீலக்கல் மோதிரம் போட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் கல்லுக்குள் இருப்பது சனி பகவானா, வேறு ஏதாவதா என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச ஆசைப்படுகிறோம்.

இரும்பு, செம்பு, குரோமியம், டைட்டானியம் முதலியவற்றை இரசாயன நூலார் இடைநிலை உலோகங்கள் என்கிறார்கள். இவை சேர்ந்த உப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் உண்டு. காரணம், உலோக அணுவின் உட்கூட்டில் எலெக்ட்ரான்களுக்குரிய இடம் முழுதும் நிரம்பாமல் இருப்பதே. அதனால் மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை அது விழுங்கிக்கொள்கிறது. மிஞ்சியது நம் கண்ணுக்கு நிறமாகிறது. சோற்றுப்பும் சுண்ணாம்பும் வெள்ளை. அவற்றில் இவ்வுலோகங்கள் இல்லை. மயில்துத்தம் நீலம், அதில் செம்பு. அன்னபேதி பச்சை, அதில் இரும்பு. அதே இரும்பு துருவானால் செம்பழுப்பு. மயில்துத்தத்தைச் சட்டியிலிட்டு வறுத்தால் அதிலுள்ள நீர் போய் வெளுக்கும். தண்ணீர் தெளித்தால் மறுபடியும் நீலமாகும். இதற்கு மந்திரம் வேண்டியதில்லை. உலோகம் எது, அதை ஒட்டியிருப்பது எது என்பதே சங்கதி.

இனி நவரத்தினத்துக்கு வருவோம். சூரியனுக்கு மாணிக்கம், சனிக்கு நீலம் என்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள்! அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த, சுத்தமாயிருந்தால் நிறமே இல்லாத கல். அதில் சிறிது குரோமியம் கலந்தால் மாணிக்கம். சிறிது இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். புதனுக்குரியதென்னும் மரகதத்தின் பச்சையும் பெரும்பாலும் அதே குரோமியந்தான். கல் வேறானதால், சுற்றியுள்ள அணுக்களின் நெருக்கம் மாறி, சிவப்புக்குப் பதில் பச்சை தெரிகிறது. சூரியனும் சனியும் ஜென்மப் பகைவர் என்கிறவர்கள், அவர்களுடைய கற்கள் ஒரே கல்லாயிருப்பதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

1902இல் வெர்னோய் என்ற பிரெஞ்சுக்காரர், அலுமினிய ஆக்ஸைடுத் தூளோடு சிறிது குரோமிய ஆக்ஸைடுத் தூளைக் கலந்து, 2000 டிகிரிக்கு மேற்பட்ட ஜ்வாலையில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். கைக்கடிகாரச் சக்கரத்தின் அச்சைத் தாங்கும் சிவப்புக் கல் அவ்வகையைச் சேர்ந்ததே. அவ்வுலையில் எந்தக் கிரகம் வந்து புகுந்தது?

கல் அழகாயிருக்கிறதென்று அணிவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கஷ்டம் தீருமென்று கடன்பட்டு அணிவதையே ஆட்சேபிக்கிறோம். கடன் வாங்கி வாங்குவது சனியின் தயவையல்ல, துளி இரும்பையும் டைட்டானியத்தையும். வட்டி கட்டப்போவது சனியல்ல, நீங்கள்தான். யோசித்துப் பாருங்கள்.